ஒரே கம்பி, இரு சாம்பியன்கள்: மாரியப்பனும் ஷரத் குமாரும்

1.89, 1.86, 1.85. ரியோ, டோக்கியோ, பாரிஸ் என அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு தாண்டிய உயரங்கள் இவை, மீட்டர் கணக்கில். 1.77, 1.83, 1.88. அதே மூன்று போட்டிகளில் பீகார் மாநிலம் முசாபர்பூரைச் சேர்ந்த ஷரத் குமார் தாண்டியவை இவை. முதல் வரிசை மெல்ல இறங்குகிறது. இரண்டாவது படிப்படியாக ஏறுகிறது. டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் நடுவில் எங்கோ இரண்டும் ஒன்றையொன்று கடந்துபோகின்றன.

இந்திய விளையாட்டு வரலாற்றில் ஒரே நாட்டின் இரண்டு வீரர்கள், ஒரே பிரிவில், உலகத்தரத்தில், பத்தாண்டுகளுக்கு நெருக்கமாக ஒருவரையொருவர் எதிர்கொண்ட நிகழ்வுகள் அரிது. அப்படியொரு போட்டி நம் சேலத்துப் பிள்ளை ஒருவரை நடுவில் வைத்து நடந்திருக்கிறது. ஆனால் தமிழில் அது முறையாக எழுதப்படவில்லை. மாரியப்பனைப் பற்றி நாம் எழுதியவை பெரும்பாலும் 2016இல் தொடங்கி 2016இலேயே முடிந்துவிடுகின்றன: வறுமை, விபத்து, தங்கம், பரிசுத்தொகை. ஷரத் குமார் அந்தக் கதைகளில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. எதிராளியை விட்டுவிட்டு ஒரு சாம்பியனை அளக்க முடியாது. மாரியப்பனின் உண்மையான உயரம் ஷரத் குமாரைப் பக்கத்தில் நிறுத்தும்போதுதான் தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒப்பிடுவது எப்படி?

இரண்டு சாம்பியன்களை ஒப்பிடும் பழக்கம் குத்துச்சண்டையில்தான் ஆழமாக வேர்விட்டது. வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் வீரர்களை வைத்து நடக்கும் வாக்குவாதம் தலைமுறைகளைத் தாண்டி வந்திருக்கிறது. உலக அளவில் முகமது அலியும் ஜோ பிரேசியரும் மூன்று முறை மோதினார்கள். 1971 மார்ச்சில் நியூயார்க்கில் பிரேசியர் வென்றார். 1974இலும், 1975இல் மணிலாவிலும் அலி வென்றார். கணக்கு 2-1. ஆனாலும் விவாதம் முடியவில்லை. குத்துச்சண்டையில் ஒருவரின் சாதனைப் பட்டியல் அவர் யாரோடு மோதினார் என்பதைப் பொறுத்தது. எளிய எதிராளிகளை வீழ்த்தி வெற்றிகளைக் குவிக்கலாம். எடைப்பிரிவு மாறலாம். நடுவர்களின் புள்ளிகள் ஒருவருக்கொருவர் முரண்படலாம்.

உயரம் தாண்டுதலில் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது. கம்பி எல்லோருக்கும் ஒன்றே. ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று வாய்ப்புகள். தொடர்ந்து மூன்று முறை கம்பியைத் தட்டிவிட்டால் வெளியே போகவேண்டியதுதான். ஒற்றைக் காலில்தான் எழும்ப வேண்டும். இருவர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்த உயரத்தில் குறைவாகத் தவறியவர் முன்னே வருவார். அதுவும் சமமானால், மொத்தத் தவறுகள் எண்ணப்படும். ரியோவில் அமெரிக்காவின் சாம் கிரூவும் இந்தியாவின் வருண் சிங் பாட்டியும் இருவருமே 1.86 தாண்டினார்கள். கிரூவுக்கு வெள்ளியும் பாட்டிக்கு வெண்கலமும் கிடைத்தது இந்த விதியால்தான். நடுவரின் விருப்புவெறுப்புக்கு இங்கே இடமே இல்லை.

மீதிப் பாதி சிக்கல் மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுக்கே உரியது. உடல்கள் ஒன்றுபோல இல்லை. மாரியப்பனும் ஷரத்தும் டி42 வகைப்பிரிவினர்: ஒரு காலில் குறைபாடு, செயற்கைக் கால் இல்லாமல் போட்டியிடுபவர்கள். கிரூவும் இன்னோர் அமெரிக்கரான எஸ்ரா ஃப்ரெக்கும் டி63: முழங்கால் மட்டத்திலோ அதற்கு மேலோ ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு தாண்டுபவர்கள். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இவர்களை இரண்டு பிரிவாக்கியது. ஆனாலும் பெரிய போட்டிகளில் இரண்டு பிரிவினரும் ஒரே களத்தில், ஒரே பதக்கத்துக்காகத்தான் தாண்டுகிறார்கள். ஆகவே மாரியப்பனையும் ஃப்ரெக்கையும் சென்டிமீட்டரில் மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. மாரியப்பனையும் ஷரத்தையும் ஒப்பிடலாம். ஒரே வகைப்பிரிவு, ஒரே நாடு, மூன்றே வயது இடைவெளி. கொஞ்சகாலம் ஒரே பயிற்சியாளரும்கூட.

இரண்டு தொடக்கங்கள்

பெரியவடகம்பட்டி ஓமலூருக்கு வடக்கே, தீவட்டிப்பட்டி பக்கத்தில் இருக்கும் சிற்றூர். மாரியப்பன் பிறந்தது 1995 ஜூன் 28. தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, தாய் சரோஜா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி மாரியப்பனின் வலது கால் நசுங்கியது. அந்தக் கால் அதன்பின் வளர்ச்சி குன்றிப்போனது. சிகிச்சைக்காகத் தாய் வாங்கிய 3 லட்ச ரூபாய்க் கடன் பல ஆண்டுகள் குடும்பத்தின் தலைமேல் நின்றது. தினக்கூலியில் பிழைக்கும் ஒரு வீட்டுக்கு இந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளிக் காட்டிலும் தறியிலும் ஜவ்வரிசி ஆலையிலும் உழைக்கும் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்ப் பள்ளியில் மாரியப்பனுக்குப் பிடித்தது வாலிபால். உடற்கல்வி ஆசிரியர் ராஜேந்திரன்தான் அவரை உயரம் தாண்டச் சொன்னார். பதினான்காவது வயதில், உடல் குறைபாடு ஏதுமில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். இந்த ஒரு செய்தியை நிதானமாகக் கவனிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டி என்று ஒன்று இருப்பது தெரிவதற்கு முன்பே, தனிச்சலுகை எதுவும் இல்லாமல், எல்லோருக்குமான கம்பியை அவர் தாண்டிக்கொண்டிருந்தார். 2013இல் தேசியப் போட்டியொன்றில் பயிற்சியாளர் சத்யநாராயணாவின் கண்ணில் பட்டார். 2015இல் பெங்களூரில் அவரிடம் முறையான பயிற்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே ரியோ.

ஷரத் குமார் பிறந்தது 1992 மார்ச் 1. இரண்டு வயதில், உள்ளூரில் கொடுக்கப்பட்ட போலியான போலியோ மருந்தினால் இடது கால் செயலிழந்தது. குடும்பம் அவரை நான்கு வயதிலேயே டார்ஜிலிங் புனித பவுல் பள்ளியின் விடுதிக்கு அனுப்பியது. ஏழாம் வகுப்பில் உயரம் தாண்டத் தொடங்கினார். அவரும் அங்கே குறைபாடில்லாத மாணவர்களைத் தோற்கடித்துத்தான் வளர்ந்தார். பிறகு டெல்லியில் மாடர்ன் பள்ளி, கிரோரி மால் கல்லூரியில் அரசியல் அறிவியல், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளில் முதுகலை. 2010இல் குவாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் அவர் களமிறங்கியபோது மாரியப்பன் பள்ளிச் சிறுவன்.

வர்க்கம், மொழி, கல்வி ஆகிய மூன்றிலும் இருவருக்கும் நடுவே பெரிய தொலைவு இருந்தது. ஆனால் வசதியான தொடக்கம் ஷரத்துக்கு நேரான பாதையைக் கொடுத்துவிடவில்லை. 2012 லண்டன் பாராலிம்பிக்குக்குத் தகுதி பெற்றிருந்தவர், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு ஆண்டுகள் தடை செய்யப்பட்டார். இருபதாவது வயதில் வந்த இந்த அடி பலருடைய விளையாட்டு வாழ்க்கையையே முடித்துவிடும். அந்த லண்டன் போட்டியில் 1.74 மீட்டர் தாண்டிக் கர்நாடகத்தின் கிரீஷா நாகராஜேகவுடா வெள்ளி வென்றார். அந்தப் போட்டிகளில் இந்தியா பெற்ற ஒரே பதக்கம் அதுதான். தடை முடிந்து திரும்பிய ஷரத் 2014 இஞ்சியோன் ஆசிய பாரா விளையாட்டில் 1.80 தாண்டித் தங்கம் வென்றார். ஆக, ரியோவுக்குப் போன இந்திய அணியில் முன்னனுபவமும் ஆசியத் தங்கமும் ஷரத்திடம் இருந்தன. மாரியப்பனிடம் இருந்தது 2016 மார்ச்சில் துனிசியாவில் தாண்டிய 1.78 மட்டுமே.

ஐந்து சந்திப்புகள்

இருவரும் களத்தில் நின்ற ஐந்து பெரிய போட்டிகளை வரிசையாக வைப்போம்.

2016, ரியோ பாராலிம்பிக்: மாரியப்பன் 1.89, தங்கம். ஷரத் 1.77, ஆறாமிடம்.

2018, ஜகார்த்தா ஆசிய பாரா விளையாட்டு: ஷரத் 1.90, தங்கம். மாரியப்பன் 1.67, வெண்கலம்.

2019, துபாய் உலக சாம்பியன்ஷிப்: ஷரத் 1.83, வெள்ளி. மாரியப்பன் 1.80, வெண்கலம்.

2021, டோக்கியோ பாராலிம்பிக்: மாரியப்பன் 1.86, வெள்ளி. ஷரத் 1.83, வெண்கலம்.

2024, பாரிஸ் பாராலிம்பிக்: ஷரத் 1.88, வெள்ளி. மாரியப்பன் 1.85, வெண்கலம்.

நேருக்கு நேர் கணக்கில் ஷரத் 3, மாரியப்பன் 2. அதிகபட்ச உயரத்திலும் ஷரத் ஒரு சென்டிமீட்டர் முன்னே: 1.90க்கு எதிராக 1.89. ஐந்தின் சராசரியில் ஷரத் 1.84, மாரியப்பன் 1.81. இத்தோடு நிறுத்தினால் தீர்ப்பு எளிது. ஆனால் சராசரி என்பது ஒரே ஒரு மோசமான நாளில் கவிழ்ந்துவிடக்கூடியது. ஜகார்த்தாவில் மாரியப்பன் தாண்டிய 1.67 அவருடைய மற்ற எந்தப் பெரிய போட்டியோடும் ஒட்டாத எண். அந்த ஒரு நாளை ஒதுக்கிவிட்டு மற்ற நான்கையும் கூட்டினால் சராசரி தலைகீழாகிறது: மாரியப்பன் 1.85, ஷரத் 1.83. இதேபோல ரியோவின் 1.77 ஷரத்துக்கு ஒட்டாத எண். நியாயமாக இரண்டு நாட்களையும் ஒதுக்கினால், மிஞ்சும் மூன்று போட்டிகளின் சராசரி மாரியப்பனுக்கு 1.84, ஷரத்துக்கு 1.85. இடைவெளி ஒரே சென்டிமீட்டர்.

இன்னொரு வழியிலும் பார்க்கலாம். ஒவ்வொருவரின் ஐந்து உயரங்களையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால், மாரியப்பனுக்கு 1.85, ஷரத்துக்கு 1.83. அதாவது, ஒரு சாதாரண பெரிய போட்டி நாளில் மாரியப்பன் இரண்டு சென்டிமீட்டர் மேலே நிற்கிறார். ஆனால் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் நிலைமை வேறு. மாரியப்பனின் மிகச் சிறந்ததற்கும் மிக மோசமானதற்கும் நடுவே 22 சென்டிமீட்டர் இடைவெளி. ஷரத்துக்கு 13தான். நிதானமானவர் ஷரத்.

எங்கே என்ற கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் எண்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கு வெளிவருகிறது. ஆசியப் போட்டியிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் ஷரத் கை ஓங்கியிருக்கிறது. மூன்று பாராலிம்பிக்குகளை மட்டும் எடுத்தால் மாரியப்பனின் சராசரி 1.87, ஷரத்தின் சராசரி 1.83. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஒரே மாலையில், முழு உலகமும் பார்க்கும்போது, மாரியப்பன் தன் வழக்கமான அளவைவிட உயரே போகிறார். பாராலிம்பிக்கில் அவர் 1.85க்குக் கீழே இறங்கியதே இல்லை. எட்டு ஆண்டுகளில், 21 வயதிலிருந்து 29 வயது வரை, மூன்று கண்டங்களில், நான்கே சென்டிமீட்டர் இடைவெளிக்குள் அவர் நின்றிருக்கிறார். தொடர்ச்சியான மூன்று பாராலிம்பிக்குகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் என்ற பெருமை இந்த நிலைத்தன்மைக்குக் கிடைத்த பெயர்.

டோக்கியோவின் மழை

இந்தப் போட்டியின் உள்ளடக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு நாளை நெருங்கிப் பார்க்க வேண்டும். அதற்கு 2021 ஆகஸ்ட் 31ஐத் தேர்ந்தெடுக்கிறேன்.

அந்த நாளுக்கு இருவருமே காயத்தோடுதான் வந்தார்கள், ஒருவர் மனதில், இன்னொருவர் முழங்காலில். தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தவேண்டியவர் மாரியப்பன். டோக்கியோ போகும் விமானத்தில் கொரோனா தொற்றுடைய ஒரு பயணிக்கு அருகில் இருந்ததாகக் கண்டறியப்பட்டு அவர் தனிமைப்படுத்தப்பட்டார். கொடியை அவருக்குப் பதில் சக வீரர் டேக் சந்த் ஏந்தினார். ஷரத்துக்கு இறுதிப்போட்டிக்கு முந்தைய இரவு பயிற்சியில் முழங்கால் சவ்வு விலகியது. விலகிவிடலாமா என்று யோசித்த அந்த இரவில், குடும்பத்தாரோடு பேசியதும் கீதையைப் படித்ததும் தன்னைக் களத்துக்குக் கொண்டுவந்தன என்று அவர் பின்னர் சொன்னார்.

போட்டியின்போது மழை. உயரம் தாண்டுபவருக்கு மழையைவிடப் பெரிய எதிரி இல்லை. ஓடிவந்து கடைசி அடியை ஊன்றும் இடம் வழுக்கினால், வேகத்தை மேல்நோக்கித் திருப்ப முடியாது. சற்றே தயங்கினாலும் கம்பி விழும். இரண்டு கால்களும் சமமாக உள்ளவர்களே மழையில் தடுமாறுவார்கள். கால்களின் வலு ஒன்றுக்கொன்று வேறுபட்டவர்களுக்கு அது இரட்டைச் சோதனை. ரியோவில் வெண்கலம் வென்ற வருண் பாட்டி 1.77உடன் ஏழாமிடத்தில் நின்றுபோனார். ஷரத் 1.83 தாண்டினார். 1.86இல் அவருடைய நாள் முடிந்தது. வலியோடு வந்த முழங்காலுக்கு அது பெரிய காரியம்.

1.86ஐத் தாண்டி மிஞ்சியவர்கள் மாரியப்பனும் கிரூவும்தான். ஐந்தாண்டுகளுக்கு முன் ரியோவில் தங்கத்தையும் வெள்ளியையும் பங்கிட்ட அதே இருவர். கம்பி 1.88க்கு ஏறியது. மாரியப்பன் ஏற்கெனவே தாண்டியிருந்த 1.89க்கு ஒரு சென்டிமீட்டர் கீழேதான் அது. மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் கம்பி விழுந்தது. கிரூ தன் கடைசி வாய்ப்பில் தாண்டித் தங்கத்தை எடுத்துக்கொண்டார். பாதிக்கப்பட்ட காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து கனத்துவிட்டதால் தாண்டுவது கடினமாகியது என்று மாரியப்பன் பின்னர் விளக்கினார். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே அன்று நின்றது இரண்டு சென்டிமீட்டரும் ஒரு நனைந்த காலுறையும். அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, கிரூவும் அதே மழையில்தான் தாண்டினார். ஆனால் டோக்கியோவின் 1.86ஐப் பாரிஸின் 1.85ஓடு பக்கத்தில் வைக்கும்போது, ஈரமான களத்தில் தாண்டிய 1.86 என்பது வெறும் எண்ணைவிடக் கனமானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பதிவேட்டில் மழைக்கு ஒரு கட்டம் கிடையாது.

களத்தில் இருந்த மற்றவர்கள்

இருவரை மட்டும் பேசினால் படம் முழுமையாகாது. சாம் கிரூ எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். ரியோவில் வெள்ளி வென்றபோது அவருக்கு 18 வயது. 2015 தோஹா, 2017 லண்டன், 2019 துபாய் என மூன்று உலக சாம்பியன்ஷிப்புகளில் தொடர்ந்து தங்கம் வென்றவர். மருத்துவம் படித்துக்கொண்டே டோக்கியோ தங்கத்தையும் வென்றவர். லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் ஷரத்துக்கு 1.84இல் வெள்ளி, வருண் பாட்டிக்கு வெண்கலம். இப்படிப்பட்ட கிரூவை மாரியப்பன் ரியோவில் தோற்கடித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் மறுபடியும் தோற்கடித்தார்.

கோபேயில் நடந்ததைப் பற்றி நம் ஊரில் போதிய பேச்சு எழவில்லை என்பது எனக்கு வருத்தம். மாரியப்பன் அங்கே 1.88 தாண்டித் தங்கம் வென்றார். எஸ்ரா ஃப்ரெக் 1.85இல் இரண்டாவது, கிரூ 1.82இல் மூன்றாவது. மூன்று மாதங்கள் கழித்துப் பாரிஸில் 1.94 தாண்டப்போகும் 19 வயது ஃப்ரெக்கையும், அந்தக் காலகட்டத்தின் மிகப்பெரிய சாம்பியனான கிரூவையும் ஒரே நாளில், ஒரே மேடையில் தன் கீழே நிறுத்தினார். தொழில்ரீதியாகப் பார்த்தால் ரியோவின் தங்கத்தைவிடக் கோபே தங்கத்தின் எடை கூடுதல் என்று நான் கருதுகிறேன். ரியோவில் அவரை யாருக்கும் தெரியாது. கோபேயில் எல்லோரும் அவரைத் தோற்கடிக்கத் தயாராக வந்திருந்தார்கள். அப்போது 29 வயதை நெருங்கிக்கொண்டிருந்த மாரியப்பனுக்கு அதுவே முதல் உலக சாம்பியன் பட்டம்.

பின்னாலிருந்து வருகிறவர்களையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் பீகாரின் ஷைலேஷ் குமார் 1.82இல் தங்கம், மாரியப்பன் 1.80இல் வெள்ளி, குஜராத்தின் ராம்சிங்பாய் படியார் 1.78இல் வெண்கலம். மூவரும் இந்தியர்கள். பாரிஸில் 1.85ஐ மாரியப்பனும் தாண்டினார், ஷைலேஷும் தாண்டினார். தவறிய முயற்சிகளை எண்ணித்தான் வெண்கலம் மாரியப்பனுக்கு வந்தது. ஷைலேஷ் நான்காமிடத்தோடு திரும்பினார். 2025 செப்டம்பரில் டெல்லியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அதே ஷைலேஷ் 1.91 தாண்டித் தங்கம் வென்றார். 2012இல் கிரீஷாவுக்கு வெள்ளி கொடுத்த 1.74 இன்று மேடையின் அருகில்கூட வராது. பதின்மூன்று ஆண்டுகளில் இந்தியர்களின் உச்சம் 17 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது.

ஏன் இந்தியாவில், ஏன் இந்தப் போட்டியில்?

இந்த ஏற்றம் தற்செயலானதா? பாராலிம்பிக்கில் இந்தியாவின் பதக்க எண்ணிக்கை லண்டனில் 1, ரியோவில் 4, டோக்கியோவில் 19, பாரிஸில் 29. இதில் உயரம் தாண்டுதலின் பங்கு லண்டனில் ஒன்று, ரியோவில் இரண்டு, டோக்கியோவிலும் பாரிஸிலும் நான்கு நான்கு. டி47 பிரிவில் நிஷாத் குமாரும் டி64 பிரிவில் பிரவீன் குமாரும் இந்தக் கணக்கில் சேர்கிறார்கள். வேறு எந்த விளையாட்டும் இந்தியாவுக்கு இவ்வளவு சீராகப் பதக்கம் தந்ததில்லை என்று சொல்லும் அளவுக்கு இது ஒரு மரபாகிவிட்டது.

இந்த மரபுக்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, உயரம் தாண்டத் தொடங்குவதற்குச் செலவு குறைவு. பந்தய சக்கர நாற்காலியோ ஓட்டத்துக்கான செயற்கைக் காலோ லட்சக்கணக்கில் விலை. உயரம் தாண்டுவதற்கு இரண்டு கம்பங்களும் ஒரு குறுக்குக் கம்பியும் விழ ஒரு மணல்குழியும் போதும். ஊர்ப் பள்ளியில் அது சாத்தியம். இரண்டாவது காரணம் போட்டி. சத்யநாராயணாவின் பயிற்சியில் கிரீஷா, ஷரத், மாரியப்பன், வருண் பாட்டி என்று அடுத்தடுத்து வந்தவர்களுக்கு, அடுத்த உயரம் எது என்று காட்ட எப்போதும் பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்தார். கிரீஷாவின் 1.74ஐப் பார்த்து வளர்ந்தவர்கள் 1.80ஐத் தாண்டினார்கள். மாரியப்பனின் 1.89 வந்த பிறகு ஷரத் 1.90 தாண்டினார். ரியோவில் ஆறாமிடம் பெற்ற ஷரத், அதன் பிறகு உக்ரைனுக்குப் போய்ப் பயிற்சியாளர் நிகிடினிடம் சில ஆண்டுகள் பயின்றார். வீட்டைவிட்டு, நாட்டைவிட்டு, மொழி தெரியாத குளிர்நாட்டுக்கு அவரைக் கொண்டுபோனது எதுவென்று அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ரியோவில் சக நாட்டவர் ஒருவர் தன்னைவிட 12 சென்டிமீட்டர் மேலே போய்வந்ததை எந்த விளையாட்டு வீரராலும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அங்கீகாரத்தில் இருவருக்கும் கிடைத்தது சமமில்லை. மாரியப்பனுக்கு 2017இல் பத்மஸ்ரீ, அதே ஆண்டு அர்ஜுனா, 2020இல் கேல் ரத்னா. ரியோவுக்குப் பின் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா 2 கோடி ரூபாய் அறிவித்தார். டோக்கியோவுக்குப் பின் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் பணி கிடைத்தது. ஷரத்துக்கு அர்ஜுனா விருது வந்தது 2021இல், டோக்கியோ வெண்கலத்துக்குப் பிறகுதான். ஆசியத் தங்கம் இரண்டு, உலக வெள்ளி இரண்டு பெற்றவருக்கு அது தாமதம் என்றே சொல்ல வேண்டும். பாராலிம்பிக் பதக்கத்தை மட்டுமே கண்ணால் பார்க்கும் நம் அமைப்பின் குறை இது. மாரியப்பனின் கோபே தங்கம் கவனிக்கப்படாமல் போனதும் இதே குறையால்தான். ஒரே பார்வைக்குறைவு இருவரையும் வெவ்வேறு விதமாகக் காயப்படுத்தியிருக்கிறது.

தீர்ப்பு

யார் பெரியவர் என்ற கேள்வியிலிருந்து நழுவுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம். ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

நேருக்கு நேர் சந்திப்பில் ஷரத் குமார் வென்றவர். நிதானத்திலும், வீழ்ச்சியிலிருந்து எழுந்துவந்த தூரத்திலும் அவரே முன்னிற்கிறார். 32 வயதில், தன் மூன்றாவது பாராலிம்பிக்கில், முன்பு அங்கே தாண்டிய எல்லாவற்றையும்விட உயரமாக 1.88 தாண்டியவர் அவர். சேலத்துக்காரர்கள் இதை மனம்திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முழு விளையாட்டு வாழ்க்கையையும் தராசில் வைத்தால் மாரியப்பன் பக்கம் தாழ்கிறது. பாராலிம்பிக் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் அவரிடம் உள்ளன. உலக சாம்பியன் பட்டமும் உண்டு. கிரூ, ஃப்ரெக் என்ற இரண்டு தலைமுறைச் சாம்பியன்களையும் பெரிய மேடையில் வீழ்த்தியிருக்கிறார். மிக முக்கியமாக, நெருக்கடி அதிகமாக அதிகமாக அவர் தன் வழக்கமான உயரத்தை மீறுகிறார். சாம்பியன் என்பவரை நல்ல வீரரிடமிருந்து பிரிப்பது இந்த ஒரு குணம்தான் என்று நான் நம்புகிறேன்.

இந்தத் தீர்ப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஷரத் இல்லாமல் மாரியப்பனின் பிந்தைய எட்டு ஆண்டுகளை விளக்க முடியாது. ரியோவுக்குப் பின் பரிசுத்தொகையும் புகழும் வேலையும் வந்த பிறகு, ஒரு தங்கத்தோடு ஓய்ந்துபோக மாரியப்பனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஜகார்த்தாவின் 1.67 அந்த ஆபத்து உண்மையானது என்பதைக் காட்டுகிறது. அதே போட்டியில் ஷரத் தாண்டிய 1.90 அவர் முன்னால் ஒரு கேள்வியாக நின்றது. அதற்கான பதிலை மாரியப்பன் டோக்கியோவிலும் கோபேயிலும் சொன்னார்.

இதிலிருந்து நம் மாவட்டங்கள் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ரியோ பரிசுத்தொகையில் தான் படித்த அரசுப் பள்ளிக்கு 30 லட்ச ரூபாய் கொடுப்பதாக மாரியப்பன் அறிவித்தார். ஒரு வீரரின் நன்றியுணர்வு அது. அரசின் கடமை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஓமலூர், சங்ககிரி, ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் பள்ளிக்குப் போகும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளில் ஒருவரை மட்டும் தேடிக் கண்டுபிடித்தால் போதாது. ஒரே வட்டத்தில், ஒரே வயதில், ஒரே பிரிவில் குறைந்தது இரண்டு பேரையாவது சேர்த்துப் பழக்க வேண்டும். மணல்குழிக்குப் பதில் மெத்தையும், மாவட்டப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவும், தாண்டிய ஒவ்வொரு உயரத்தையும் தவறிய ஒவ்வொரு முயற்சியையும் எழுதிவைக்கும் பதிவேடும் வேண்டும். பதக்கம் வாங்கிய நாளை மட்டும் எழுதிவைத்தால் அடுத்த மாரியப்பனை எங்கே தேடுவது என்று நமக்குத் தெரியாது. ஆறாமிடம் வந்த நாளையும் எழுதிவைத்தால்தான் அடுத்த ஷரத்தையும் அடையாளம் காண முடியும். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கம்பி மேலே போகும்.